தமிழ்நாட்டில் கைத்துப்பாக்கி: உரிமம், பராமரிப்பு, பயிற்சி – ஒரு வரலாறு

கைத்துப்பாக்கி என்பது ஒரு கையாலேயே பிடித்துச் சுடத்தக்க சிறிய துப்பாக்கியாகும். தோட்டாக்கள் சுழலும் உருளையில் அமைந்திருந்தால் அது ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி. பிடியினுள் செருகப்படும் உறையில் அடுக்கப்பட்டிருந்தால் அது பிஸ்டல். 1836-இல் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் சுழல் துப்பாக்கிக்கு அந்நாட்டில் காப்புரிமை பெற்றார். 1900-ஐ ஒட்டி ஜான் பிரௌனிங் வடிவமைத்த தானியங்கிப் பிஸ்டல்கள் பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரில் பெருமளவில் செய்யப்பட்டன. சட்டைப் பையிலோ இடுப்பிலோ பிறர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளலாம் என்பதே இவ்வகைத் துப்பாக்கியை வேட்டைத் துப்பாக்கியிலிருந்து வேறுபடுத்தியது. அந்தச் சிறிய அளவே அரசுகளுக்கு அச்சத்தையும் தனி மனிதர்களுக்குத் துணிவையும் தந்தது. தமிழ்நாட்டில் கைத்துப்பாக்கியை யார் வைத்திருக்கலாம், எப்படி எடுத்துச் செல்லலாம், எங்கே பயிலலாம் என்னும் கேள்விகளின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆயுதப் பறிப்பு: 1801

இந்தியாவில் மக்களிடமிருந்து ஆயுதம் பறிக்கப்பட்டது 1857 கிளர்ச்சிக்குப் பின்னரே என்ற கருத்து பரவலாக உள்ளது. தமிழகத்தின் தென்பகுதியைப் பொறுத்தவரை அது பொருந்தாது. மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்ட பின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிக்கையை வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களுடைய குடிமக்களும் ஆயுதம் வைத்திருப்பது அதன்படி தடை செய்யப்பட்டது. துப்பாக்கி, ஈட்டி முதலியவை பறிமுதல் செய்யப்பட்டன. பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஊர்க்காவலை உரிமையாகக் கொண்டிருந்த குடிகளின் வாழ்க்கைமுறையே இதனால் மாறியது. ஆகவே வட இந்தியாவில் 1857-க்குப் பிறகு நடந்ததை, தென் தமிழகம் அரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்டுவிட்டது.

1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்

வைசிராய் லிட்டன் காலத்தில் 1878-இல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம், உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதை நாடு முழுவதும் குற்றமாக்கியது. எனினும் ஐரோப்பியருக்கும் வேறு சில பிரிவினருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே ஊரில் வாழும் வெள்ளை அதிகாரி உரிமமின்றிப் பிஸ்டல் வைத்திருக்கலாம். இந்திய வழக்கறிஞரோ வணிகரோ ஆட்சியரிடம் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த வேற்றுமையே இந்திய தேசிய காங்கிரஸ் தன் தொடக்ககால மாநாடுகளில் இச்சட்டத்தை எதிர்க்கக் காரணமாயிற்று. ஆங்கில ஆட்சியின் தவறுகளுள் ஒரு தேசத்தையே ஆயுதமற்றதாக்கிய இச்சட்டம் மிகவும் கரிய ஒன்று என்ற கருத்தை, அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே 1918-இல் படைக்கு ஆள் சேர்த்த காலத்தில் வெளியிட்டார். இன அடிப்படையிலான விலக்கு 1920-ஆம் ஆண்டு விதிகளால்தான் நீக்கப்பட்டது.

குடகு மக்கள் இதில் தனித்த நிலையினர். கொடவ இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் அக்காலத்தில் வழங்கப்பட்ட விலக்கு, சில கட்டுப்பாடுகளுடன் இன்றும் தொடர்கிறது. தமிழகத்தில் அத்தகைய பொதுவிலக்கு எந்தச் சமூகத்துக்கும் இல்லை.

மணியாச்சியும் கரடிக்குப்பமும்

தமிழக வரலாற்றில் மறைத்து எடுத்துச் செல்லப்பட்ட பிஸ்டல் முதன்முதலாகப் பெரும் அரசியல் விளைவை ஏற்படுத்தியது 1911 ஜூன் 17 அன்றாகும். அன்று காலை திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ராபர்ட் வில்லியம் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குச் செல்லும் வழியில், மணியாச்சி சந்திப்பில் தொடர்வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறி அவரைச் சுட்டார். பின்னர் நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவரிடம் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல்.

இந்தப் பிஸ்டலைப் பயன்படுத்தும் பயிற்சி எங்கே கிடைத்தது என்பதே அரசின் முதன்மையான கேள்வியாக இருந்தது. ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் செல்லாது. 1910-இல் அங்கு வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயர், புதுச்சேரியை அடுத்த கரடிக்குப்பத்தில் இளைஞர்களுக்குச் சுடும் பயிற்சி அளித்ததாகக் கூறப்படுகிறது. ஐயர் அதற்கு முன் இலண்டனில் இந்தியா விடுதி வட்டத்தில் இருந்தவர். அவ்வட்டத்தைச் சேர்ந்த மதன்லால் திங்ரா, 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலியைச் சுடுவதற்கு முன், இலண்டனின் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் கட்டணம் செலுத்திச் சுடும் கூடத்தில் பலமுறை பயின்றது அவரது வழக்கில் வெளிப்பட்டது. அதே ஆண்டில் சாவர்க்கர் இலண்டனிலிருந்து 20 பிரௌனிங் பிஸ்டல்களை மறைவாக இந்தியாவுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றால் 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டார்.

ஆஷ் கொலை வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதிகள் எய்லிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் விசாரித்தனர். குற்றம் சாட்டப்பட்ட 14 பேரில் முதலாமவரான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது பற்றிய அச்சம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அதே 1911-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம், மறைத்து வைக்கத்தக்க துப்பாக்கிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கும் சல்லிவன் சட்டத்தை இயற்றியது. இரு நாடுகளும் பின்னர் எதிரெதிர்த் திசையில் சென்றன. 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளியில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிப்பட்ட தேவையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நியூயார்க்கின் நிபந்தனையைச் செல்லாதென அறிவித்தது. இந்தியாவில் அந்த நிபந்தனையே உரிமத்தின் அடிப்படையாக நீடிக்கிறது.

உரிமையா, அனுமதியா?

1931 மார்ச்சில் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் எச். வி. காமத் இதனை நினைவூட்டி, இவ்வுரிமையை அரசியலமைப்பில் சேர்க்க வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். குற்றச்செயலில் ஈடுபடுவோரும் அதே உரிமையைக் கோர இடமாகும் என்று கூறி அம்பேத்கர் அதனை ஏற்க மறுத்தார். அவ்விவாதம் நடந்ததற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1948 ஜனவரி 30 அன்று, மறைத்துக் கொண்டுவரப்பட்ட பெரெட்டா பிஸ்டலால் காந்தியடிகள் கொல்லப்பட்டிருந்தார். திருத்தம் தோல்வியுற்றது. ஆகவே விடுதலை இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்பு தரும் உரிமையாகாமல், அரசு தரும் அனுமதியாக நின்றது.

1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாள், ஈட்டி போன்றவற்றுக்குப் பொதுவாக உரிமம் தேவையில்லை என்று தளர்த்திய அச்சட்டம், துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்தது. 9 மி.மீ. போன்ற படைத்துறை அளவுகள் தடை செய்யப்பட்ட வகையில் சேர்ந்தன. பொதுமக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 0.32 அங்குல வகைக் கைத்துப்பாக்கியே. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் ரிவால்வரும், இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் அசானி பிஸ்டலும் இவ்வகையின. 2014-இல் பெண்களை முன்னிறுத்தி நிர்பீக் என்னும் எடை குறைந்த ரிவால்வரும் வெளியிடப்பட்டது.

1967: இராமாவரம் தோட்டம்

கைத்துப்பாக்கி ஒன்று தமிழக மக்கள் அனைவரின் பேச்சிலும் இடம்பெற்றது 1967 ஜனவரி 12 அன்றாகும். அன்று மாலை நடிகர் எம். ஆர். ராதா, திரைப்படத் தயாரிப்பாளர் வாசுவுடன் எம். ஜி. ஆரின் இராமாவரம் தோட்ட இல்லத்துக்குச் சென்றார். பேசிக்கொண்டிருந்தபோது ராதா சுட்டதில் எம். ஜி. ஆரின் இடக்காதருகே குண்டு பாய்ந்தது. பின்னர் ராதா தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உயிர் பிழைத்தனர்.

அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். கழுத்தில் கட்டுடன் இருந்த எம். ஜி. ஆரின் படம் ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார், தி. மு. க. ஆட்சியைப் பிடித்தது. வழக்கு செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. 1967 நவம்பர் 4 அன்று ராதாவுக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

தடய அறிவியல் வரலாற்றிலும் இவ்வழக்குக்கு இடமுண்டு. நேரில் கண்ட சான்று மிகக் குறைவாக இருந்த நிலையில், எந்தக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பது முக்கியமாயிற்று. தடய அறிவியல் வல்லுநர் சந்திரசேகரன் இதில் சான்றளித்தார். அவ்வளவு அண்மையிலிருந்து சுட்டும் மூவகைக் காயங்களும் உயிரைப் பறிக்காததற்கு, தோட்டாக்கள் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டு இழுப்பறையில் கிடந்து வீரியம் குன்றியிருந்தமையே காரணம் என இவ்வழக்கைப் பற்றி எழுதியோர் கூறுவர். பராமரிக்கப்படாத தோட்டா இங்கு இருவரின் உயிரைக் காத்தது. தற்காப்புக்கு என வாங்கியவருக்கு அதே குறை உயிருக்கு உலையாகவும் முடியலாம்.

இதனினும் முக்கியமான பாடம் வேறொன்று. அந்தத் துப்பாக்கி கள்ளத்தனமாக வாங்கப்பட்டதன்று. பல்லாண்டுப் பழக்கமுடைய இரு கலைஞர்களுக்கிடையில், வீட்டுக் கூடத்தில், ஒரு நொடியில் அது வெளிவந்தது. உரிமம் வழங்கும் அதிகாரி விண்ணப்பதாரரின் குற்றப் பின்னணியைத்தான் பார்க்க முடியும். பத்தாண்டுக்குப் பின் அவருக்கு வரப்போகும் சினத்தைப் பார்க்க இயலாது.

உரிமமற்ற துப்பாக்கிகளின் கதை தனி. 1982 மே 19 அன்று சென்னை பாண்டி பஜாரில் ஈழப் போராளித் தலைவர்களான பிரபாகரனுக்கும் உமா மகேசுவரனுக்கும் இடையே நடந்த துப்பாக்கிச் சண்டை, மக்கள் நெருங்கிய கடைத்தெருவில் மறைத்து வைத்த ஆயுதம் என்ன செய்யும் என்பதைச் சென்னைக்குக் காட்டியது.

மேற்குப் புறநகரும் துப்பாக்கியும்

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் இடையில் அமைந்த வேப்பம்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த புறநகர்ப் பகுதி. இதற்குக் கிழக்கே உள்ள ஆவடி, பீரங்கி வண்டிகள் செய்யும் கனரக ஊர்தித் தொழிற்சாலைக்கும், படையினர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலைக்கும், சிறப்புக் காவல் படை அணிகளுக்கும் இருப்பிடம். கைத்துப்பாக்கி எதுவும் ஆவடியில் செய்யப்படுவதில்லை. தமிழ்நாட்டில் சிறு ஆயுதம் செய்யும் படைக்கலத் தொழிற்சாலை திருச்சிராப்பள்ளியில் உள்ளது. ஆனால் படை, காவல் துறை, பாதுகாப்புத் தொழிற்சாலை ஆகியவற்றில் பணியாற்றியோர் பலர் வாழும் பகுதி இது. ஓய்வுபெற்ற படைவீரர் வங்கிக் காவலராகச் சேரும்போது துப்பாக்கி உரிமம் அவருக்குப் பிழைப்பாகிறது. நகைக்கடை உரிமையாளர் போன்ற சிலருக்கு அது பாதுகாப்பாகிறது.

காவல் ஆணையரகம் உள்ள பகுதிகளில் காவல் ஆணையரும், மற்றப் பகுதிகளில் மாவட்ட ஆட்சியரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். 2022 ஜனவரி 1 அன்று ஆவடி, தாம்பரம் காவல் ஆணையரகங்கள் செயல்படத் தொடங்கியபின், சென்னையை ஒட்டிய பல ஊர்களில் இந்த அதிகாரி மாறினார்.

மறைத்தல்: இங்கு அது கடமை

அமெரிக்காவில் துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்வதும் மறைத்து எடுத்துச் செல்வதும் தனித்தனிச் சட்டப் பிரிவுகளாகப் பேசப்படுகின்றன. இந்தியாவில் அப்படியில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, எடுத்துச் செல்லும் அனுமதி உடையவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென அமைந்த உறையில் உடலோடு பொருத்தியோ, அத்தகைய பையிலோ வைத்திருக்க வேண்டும். அது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். எப்போதும் அவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். திருமண ஊர்வலத்தில் துப்பாக்கியை உயர்த்திக் காட்டுவது கூடாது. 1911-இல் அரசு எதைக் கண்டு அஞ்சியதோ அந்த மறைப்பே இன்று உரிமதாரரின் கடமையாகிவிட்டது. பிறரை மிரட்டாதிருக்கவே துப்பாக்கி மறைந்திருக்க வேண்டும் என்பது இதன் கருத்து.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது; உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்த்தியது. கொண்டாட்டத்துக்காகச் சுட்டு ஆபத்து விளைவிப்பவருக்கு ஈராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கவும் வழி செய்தது.

பயிற்சி என்னும் குறை

1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய நடைமுறையில், உரிமம் பெற்றவர் சுடத் தெரிந்தவரா என்பதை எவரும் முறையாகச் சோதிக்கவில்லை. 2016 விதிகள் பாதுகாப்பான கையாளுதல் பற்றிய பயிற்சிச் சான்றிதழைக் கேட்கின்றன. துப்பாக்கியின் பகுதிகள், தோட்டா நீக்கும் முறை, பாதுகாப்பாக வைக்கும் முறை, சுடும் பயிற்சி ஆகியன இதில் அடங்கும். எனினும் சான்றிதழ் ஒருமுறை பெறுவது; பழக்கம் நாள்தோறும் தேய்வது.

தொடர்ந்து பயில விரும்புவோருக்கு இடங்கள் குறைவு. வீட்டுத் தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ சுட்டுப் பார்ப்பது குற்றமாகும். 1951-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் வழிவந்த விளையாட்டு அமைப்புகளும், சென்னை ரைபிள் கிளப் போன்ற மன்றங்களும் உறுப்பினர்களுக்குச் சுடுதளம் தருகின்றன. காவல் துறையினர் ஒத்திவாக்கம் போன்ற தமக்குரிய தளங்களில் பயில்கின்றனர். உரிமத்தில் தோட்டாக்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருப்பதாலும், தோட்டாவின் விலை மிகுதியாலும், தனியார் உரிமதாரர் பலர் ஆண்டுக்கு ஒருமுறைகூடச் சுடுவதில்லை. விளையாட்டு வீரர் காற்றழுத்தப் பிஸ்டலில் ஒரே நாளில் சுடும் அளவுக்கு, பாதுகாப்புக்கென ரிவால்வர் வாங்கியவர் வாழ்நாளில் சுட்டிருக்கமாட்டார். ஆபத்து நேரத்தில் நடுங்கும் கையில் அது யாருக்குப் பகையாகும் என்று சொல்ல முடியாது.

பயிற்சியின் அடிப்படை விதிகள் உலகெங்கும் ஒன்றே. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருத வேண்டும். சுட எண்ணாத எதன்மீதும் குழல்வாயைத் திருப்பக் கூடாது. இலக்கைக் குறிபார்க்கும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்குக்குப் பின்னால் யார், என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும்.

பராமரிப்பு

சென்னையின் கடற்காற்றும், ஐப்பசி, கார்த்திகை மழைக்கால ஈரமும் எஃகுக்குப் பகை. பழங்காலத் தோட்டாக்களின் பற்றுமருந்தில் இருந்த குளோரேட்டு உப்பு, சுட்டபின் குழலில் படிந்து ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். அதனால் ஆங்கிலப் படைகளில் சுட்டவுடன் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து எண்ணெயிடுவது கட்டாயமாக இருந்தது. இன்றைய தோட்டாக்களில் அவ்வுப்பு பெரும்பாலும் இல்லை. எனினும் வெடிமருந்துக் கரியும் ஈரமும் குழலைக் கெடுக்கும்.

தோட்டாக்களை முழுவதும் நீக்கி, அதைக் கண்ணாலும் விரலாலும் மறுபடி சரிபார்த்து, அவற்றை வேறு இடத்தில் வைத்த பின்னரே துடைக்கத் தொடங்க வேண்டும். பயிற்சி பெற்றோர் முதலில் சொல்லித்தரும் பாடம் இதுவே. தோல் உறை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே எடுத்துச் செல்லும்போது தோலுறை ஏற்றது, வீட்டில் வைத்திருக்க அதுவே ஏற்றதன்று. மிகுதியான எண்ணெய் தூசியைச் சேர்ப்பதோடு தோட்டாவுக்குள் இறங்கி அதைக் கெடுக்கவும் கூடும். பழுது பார்ப்பதும் உரிமம் பெற்ற கடையில்தான் செய்யத்தக்கது. பூட்டிய பெட்டியில் துப்பாக்கியும், வேறு பூட்டில் தோட்டாவும் இருப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் இன்றியமையாதது.

தேர்தலும் வாரிசும்

ஒவ்வொரு பொதுத் தேர்தலின்போதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ அனுமதி பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கும்படி ஆணை வருகிறது. வங்கிக் காவலர் போன்றோருக்கு விலக்கு அளிக்கப்படுவதுண்டு. தேர்தல் முடிந்தபின் ஒப்புகைச் சீட்டைக் காட்டித் திரும்பப் பெறலாம்.

உரிமதாரர் இறந்துவிட்டால், உரிமம் துப்பாக்கியோடு பிள்ளைகளுக்குத் தானாகச் செல்வதில்லை. சட்டப்படி அது உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கப்பட வேண்டும். வாரிசு விரும்பினால் தம் பெயரில் உரிமம் கோரலாம், இல்லையெனில் விற்றுவிடலாம். தாத்தாவின் நினைவாகப் பீரோவில் கிடக்கும் பழைய ரிவால்வரை, எவரும் தொடாததால் தீங்கில்லை என்று வீட்டார் எண்ணுவதுண்டு. உரிமம் காலாவதியான நாளிலிருந்து அது சட்டத்தின் பார்வையில் கள்ளத் துப்பாக்கியே. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இத்தகைய ஒப்படைப்புக்கு வழி செய்கிறது. மேசை இழுப்பறையில் மறந்து கிடந்த தோட்டாக்களின் கதையை 1967-இல் கேட்ட தமிழகத்துக்கு, அப்பிரிவின் பயனை வேறு சான்று காட்டி விளக்க வேண்டியதில்லை.